இல்லையென்று சொன்ன பிள்ளை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்ன புண்ணியவான் அயல்நாட்டில் வாடகைக்கு வீடு தேடியிருக்க மாட்டார். தேடியிருந்தால் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற இரண்டுக்கும் வந்திருப்பார். கிர்கிஸ்தானின் நாரின் பக்கத்திலிருந்து கஸாக்ஸ்தானின் அல்மாட்டிக்குப் பிழைக்க வந்த புருலும் அவள் கணவன் எர்மெக்கும் அந்த ஏப்ரலில் பதினொரு நாள் வீடு தேடினார்கள். நடுவில் இருப்பது கொஞ்சம் மலையும் ஓர் எல்லைச் சாவடியும்தான். பேச்சுகூட முக்கால்வாசி ஒன்றுதான். ஆனாலும் சாவடியைத் தாண்டியதும் ஆள் சிறுத்துப்போகிறான். ஊரில் இன்னார் மகன், இன்னார் மருமகள் என்று இருந்தவர்கள் இங்கே வெறும் வாடகைக்கு வந்தவர்கள்.

எர்மெக்குக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. புருலுக்கு ஒரு சாப்பாட்டுக்கடையில் மந்தி என்கிற கறிக்கொழுக்கட்டை பிடிக்கும் வேலை. கறியும் வெங்காயமும் பொதிந்து நாளைக்கு நானூறு மந்தி மடித்து ஆவியில் ஏற்ற வேண்டும். வேலை இரண்டும் வந்த மறுநாளே கிடைத்துவிட்டது. வீடுதான் கிடைக்கவில்லை. எர்மெக்கின் சிநேகிதனுடைய அறையில் ஒன்பது ஆண்கள் தங்கியிருந்தார்கள். அதன் மூலையில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு புருல் படுத்தாள். காலையில் முகம் கழுவப் போகவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு வீட்டுக்காரர் ஸ்லாவியக் குடும்பத்துக்குத்தான் கொடுப்பேன் என்றார். இன்னொருவர் கஸாக்குகளுக்கு மட்டும் என்றார். ஓர் அம்மாள், "கிர்கிஸா? ரெண்டு பேர்னு சொல்லிட்டு வருவீங்க, மாசம் திரும்பறதுக்குள்ள இருபது பேர் ஆயிடுவீங்க" என்று போனை வைத்தாள். அதையெல்லாம் தாண்டி ஒருவர் இறங்கி வந்தால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: குழந்தை உண்டா?

ஆரம்பத்தில் புருல் உள்ளதைச் சொன்னாள். "ஒரு பொண்ணு. ஊர்ல மாமியார்கிட்ட இருக்கா."

"இன்னிக்கு ஊர்ல இருக்கும், நாளைக்கு இங்க வந்து என் சுவத்துல படம் போடும். வேற இடம் பாருங்க."

இப்படியே நான்கு வீடுகள் கைநழுவின. நான்காவது வீட்டில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிந்தது. அன்றைக்குப் படி இறங்கும்போது எர்மெக், "இனிமே இல்லேன்னே சொல்லிடேன். நம்மகிட்ட எங்க இருக்கா அவ?" என்றான். அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்குச் சுட்டது.

எங்கள் கிர்கிஸ் பக்கத்து வழக்கம் அப்படி. தலைப்பிள்ளை பெற்றவளுக்கு இல்லை, மாமனார் மாமியாருக்கு. பால்குடி மறந்ததும் அவர்கள் மடிக்குப் போய்விடும். மாமியாரை அம்மா என்று கூப்பிடும். பெற்றவளை அண்ணி என்றும் பெற்றவனை அண்ணன் என்றும் கூப்பிடும். யாரும் இதைக் கொடுமை என்று சொல்வதில்லை. கிழவிக்கு ஒரு துணை, சின்னஞ்சிறுசுகளுக்கு ஒரு சுமை குறைச்சல். புருலின் மகள் மீரிமும் அப்படித்தான் ரக்கியா கிழவியின் மகளாக வளர்ந்தாள். புருல் சொந்த மகளை மாமியார் எதிரில் அள்ளிக் கொஞ்சியது கிடையாது. கொஞ்சினால் வெட்கங்கெட்டவள் என்பார்கள். அடுத்ததைப் பெற்றுத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்றால், எர்மெக் ஐந்து வருஷம் ருஷ்யாவில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

பதினோராம் நாள் குல்யாஷின் வீட்டுக்குப் போனார்கள். ஆக்சாய் பக்கம், ஐந்து மாடிப் பழைய கட்டடம், நான்காவது மாடி. குல்யாஷ் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கஸாக் அம்மாள். அடுத்த வாசலில் தரைத்தளத்தில் தனியாக இருந்தாள். இது மகனுக்காக வாங்கிய வீடு, மகன் கொரியாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். அவள் கழுத்தில் சாவிக்கொத்தை மாட்டிக்கொண்டு வந்து இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டே பேர்தானா?"

"ரெண்டே பேர்தான் பெரியம்மா."

"குழந்தைங்க?"

எர்மெக் தன் செருப்பைப் பார்த்தான்.

"இல்ல பெரியம்மா" என்றாள் புருல்.

"இல்லேன்னா? ஊர்ல விட்டுட்டு வந்திருக்கீங்களா? உள்ளதைச் சொல்லிடு. இதுக்கு முன்னாடி இருந்தவ இரட்டைப் பசங்களை வச்சுக்கிட்டு சமையலறையில தண்ணியை ஆறா ஓட விட்டா. கீழ் வீட்டு விக்தர் இருக்காரே, மேல சத்தம் கேட்டாலே கரண்டியால குழாயைத் தட்டித் தட்டி எனக்கு நெஞ்சுவலியே வரவச்சுட்டார்."

"எங்களுக்குக் குழந்தையே இல்ல பெரியம்மா."

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"எட்டு."

அந்த எட்டுதான் எல்லாவற்றையும் மாற்றியது. குல்யாஷின் முகம் அப்படியே இளகிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு ஒன்பது வருஷம் மருமகளே" என்றாள். மருமகளே என்றுதான் கூப்பிட்டாள், இங்கே கல்யாணமான சின்னப் பெண்களை எல்லாக் கிழவிகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒன்பது வருஷம் என்னை மலடின்னாங்க. கல்யாண வீட்டுல பொண்ணுக்கு முக்காடு போடக் கூப்பிட மாட்டாங்க. வேணும்னே என் எதிர்ல குழந்தையை மடியில போட்டுப் பால் குடுப்பாங்க. அப்புறம்தான் என் பையன் பொறந்தான். நீ மனசை விட்டுடாதே. முன்பணம் எல்லாம் வேணாம், இன்னிக்கே சாமானைக் கொண்டா."

படி இறங்கும்போது எர்மெக் விசிலடித்தான். புருல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். பொய் சொன்னால் வீடு கிடைக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். இரக்கமும் சேர்ந்து கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்காக ஒருத்தியை ஏமாற்றலாம், உலகத்தில் நடக்காததா? தன்னைப் போலவே இவளும் பட்டவள் என்று நம்பிக் கண் கலங்குகிறவளை ஏமாற்றுவது வேறு கணக்கு. அன்றைக்கே திரும்பி மேலே ஏறி உள்ளதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒன்பது ஆண்களின் குறட்டை நினைவுக்கு வந்தது. ஏறவில்லை.

குல்யாஷ் நல்லவளாக இல்லாமல் இருந்திருந்தால் புருலுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏழு ரொட்டி எண்ணெயில் பொரித்து, செத்துப்போனவர்களை நினைத்துக் குரான் ஓதி, அக்கம்பக்கம் கொடுப்பாள் அவள். அதில் ஒன்றைத் துணியில் சுற்றி நாலு மாடி ஏறி வந்து நிற்பாள்.

"இது உனக்குன்னு நேர்ந்து போட்டது. புருஷனுக்குக்கூடப் பிட்டுக் குடுக்காதே. நீயே தின்னணும்."

புருல் அவள் எதிரிலேயே நின்று தின்பாள். சூடான ரொட்டியை அவசர அவசரமாக விழுங்குவாள். "மெதுவா, மெதுவா. ஒரே நாள்ல பத்து மாசம் ஆயிடாது" என்று குல்யாஷ் சிரிப்பாள். கீழ் வீட்டு விக்தர்கூட, குல்யாஷ் சொல்லி வைத்திருப்பாள் போல, படியில் பார்த்தால் தொப்பியைத் தொட்டு, "கவலைப்படாதே பெண்ணே, டாக்டருங்க இப்போ என்னென்னமோ பண்றாங்க" என்பார். கட்டடம் முழுக்க அவளுக்காக இரங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஏழு வயதுப் பெண்ணை எதில் மறைப்பது? மகளோடு வீடியோவில் பேசக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

"அண்ணி, அங்க எப்பவும் மழை பெய்யுதா?" என்று மீரிம் கேட்பாள்.

"ஆமாண்டா."

"அப்போ அம்மாவுக்கு ரப்பர் செருப்பு வாங்கி அனுப்பு, இங்க ஒரே சேறு."

மகள் கேட்டது தனக்கு இல்லை, அம்மாவுக்கு என்பது புருலுக்குப் புரியும். வாங்கி அனுப்பினாள்.

மனிதர்கள் பேசப் பேச மேலே வானவர்கள் ஆமீன் சொல்லிக்கொண்டே போவார்கள், அதனால் கெட்ட பேச்சை வாயில் எடுக்காதே என்பார்கள் எங்கள் பக்கத்தில். உயிரோடு இருக்கிற பிள்ளையை இல்லை என்று சொன்னால் அதற்கும் ஆமீன்தானே? அந்தக் குளிர்காலத்தில் மீரிமுக்குக் காய்ச்சல் வந்து ஆறு நாள் இறங்கவில்லை. ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு அப்போது காய்ச்சல்தான். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். என் நாக்குதான், என் நாக்குதான் என்று புருல் கடையில் மாவை மடித்தபடியே அழுதாள். கண்ணீரைப் பார்த்து முதலாளி, "வெங்காயத்தைத் தண்ணியில போட்டு நறுக்கச் சொன்னேனே, கேட்டாத்தானே" என்றான்.

இரண்டு முறை அவள் குல்யாஷிடம் சொல்லிவிடப் போனாள். முதல் முறை குல்யாஷ் மகனோடு போனில் பேசிவிட்டு அழுதுகொண்டிருந்தாள், அவன் கோடைக்கும் வரமாட்டானாம். இரண்டாம் முறை கதவைத் திறந்ததுமே, "என்ன மருமகளே, ஏதாவது விசேஷமா?" என்று ஆசையாகக் கேட்டாள். அதன் பிறகு எங்கே சொல்வது! ஒரு கிண்ணம் உப்பு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

ஜூனில் ரக்கியா கிழவி செத்துப்போனாள். வெளுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாளாம். புருலும் எர்மெக்கும் ஓடினார்கள். இழவுக்குப் போட்ட கூடாரத்தில் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தபோது மீரிமும் உட்கார்ந்து, "என்னைப் பெத்த அம்மா" என்று அழுதாள். பெற்றவள் பக்கத்தில்தான் இருந்தாள். தோளைத் தொட்டதற்குப் பெண் விலகவும் இல்லை, சாயவும் இல்லை. நாற்பதாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியவர்கள் பேசி முடித்தார்கள்: இனி பிள்ளை உங்களிடம்தான், செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் போட்டுவிடுங்கள்.

இத்தனை வருஷமாக உள்ளுக்குள் எதை வேண்டிக்கொண்டிருந்தாளோ அது நடந்தது. மாமியார் செத்ததில் தனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று தெரிந்தபோது புருலுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. இனி அவளை அம்மா என்று கூப்பிட வைக்கலாம், மெல்ல மெல்ல, அவசரப்படாமல். அதற்கு ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டில்தான் அவளுக்குப் பிள்ளை இல்லை.

அல்மாட்டிக்குத் திரும்பும் மினிபஸ்ஸில் மீரிம் தூங்கிய பிறகு எர்மெக் மெதுவாகப் பேச்செடுத்தான்.

"ஆகஸ்ட் மாசம். காலேஜ் பசங்க வந்து இறங்கற நேரம். இப்போ வெளியே வந்தா தெருதான்."

"சொல்லிடலாங்க. அவங்க நல்லவங்க."

"நல்லவங்கதான். பொய் சொன்னவங்களை வச்சுக்கற அளவுக்கு நல்லவங்களா? தங்கச்சின்னு சொல்லிடுவோம். அவளே அண்ணே, அண்ணின்னுதானே கூப்பிடறா? யாருக்கும் புதுசா ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேணாம்."

"அவகிட்ட எப்போ சொல்றது?"

"அம்மா செத்து ரெண்டு மாசம் ஆகல. இப்போ போய் அவ உன் அம்மாவே இல்லேன்னு சொல்லுவியா? இருக்கட்டும்."

எர்மெக் கெட்டவன் இல்லை. கஷ்டமான பேச்சை நாளைக்குத் தள்ளுகிறவன், அவ்வளவுதான். தள்ளிவிட்டுத் தூங்கவும் செய்தான். புருல் எல்லைச் சாவடி வரைக்கும் மகளின் தலையைத் தாங்கிக்கொண்டு விழித்திருந்தாள். ஆனால் அவளும் சரி என்றுதான் சொன்னாள். அதை இங்கே மறைப்பதற்கு இல்லை.

"என் நாத்தனார் பெரியம்மா. மாமியார் போயிட்டாங்க. வேற யாரும் இல்ல" என்று வாசலில் வைத்துச் சொன்னபோது குல்யாஷ் மீரிமை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குழந்தை கூடாது என்பதெல்லாம் எங்கே போயிற்றோ!

"அனாதைப் பிள்ளையோட தலையைத் தடவினா தலைமுடி ஒவ்வொண்ணுக்கும் புண்ணியம். கொண்டாந்தியே, நீ மனுஷி! விக்தர் குழாயைத் தட்டினா நான் அவர் மண்டையைத் தட்டறேன்."

அடுத்த ஞாயிறு விருந்துக்குக் கூப்பிட்டாள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஏற்கெனவே இருப்பவர்கள் கூப்பிட்டுச் சோறு போடுவது இங்கே கட்டாயம். மீரிம் புதிதாக வந்தவள் அல்லவா? அவளுக்காக ஆட்டுத்தலை வேகவைத்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேரையும் கூப்பிட்டிருந்தாள். ஆட்டின் காதை அறுத்து மீரிம் கையில் கொடுத்தாள். "தின்னு. அண்ணி சொல்றதைக் காது குடுத்துக் கேக்கணும், தெரியுதா?" மீரிம் தலையாட்டிவிட்டுக் கறுக்மொறுக்கென்று கடித்தாள். பெண்கள் சிரித்தார்கள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் மீரிமும் சிரித்தாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் உள்ளங்கைகளை விரித்து ஏந்தினார்கள். குல்யாஷ் வாழ்த்துச் சொல்லத் தொடங்கினாள்.

"யா அல்லா, இந்தப் பொண்ணு யாரோ பெத்த பிள்ளையைத் தன் பிள்ளையா எடுத்துக்கிட்டா. அந்தப் புண்ணியத்துக்கு அவ வயித்துல ஒரு பிள்ளையைக் குடு. அவளையும் ஒரு பிள்ளை அம்மான்னு கூப்பிடட்டும். அம்மான்னு ஒரு குரல் அவ காதுல விழட்டும்."

"ஆமீன்" என்று பெண்கள் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக மீரிம், "ஆமீன்! அண்ணிக்கு ஒரு பாப்பா குடு" என்றாள். அவள் ஏந்திய உள்ளங்கையில் ஆட்டுக் கொழுப்பு மினுங்கியது. எல்லோரும் புருலைப் பார்த்தார்கள். அவளும் கைகளைத் தூக்கி முகத்தைத் தடவிக்கொண்டாள். கைகளை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பாவம், ஏக்கம் தாங்கவில்லை என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் வேறொரு சிக்கல் வந்தது. வெளிநாட்டுப் பிள்ளை என்றால் பதிவு வேண்டும், பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும், கடிதத்தில் பிள்ளையின் பேரும் பெற்றவர்கள் பேரும் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். புருல் நாளைக்கு, நாளைக்கு என்று ஆகஸ்ட் இருபத்தெட்டு வரைக்கும் இழுத்தாள். அன்றைக்கு மத்தியானம் குல்யாஷே மேலே வந்துவிட்டாள். ஒரு கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கண்ணாடி இன்னும் போடவில்லை, எழுத்தெல்லாம் மங்கல்தான்.

"விக்தர் பேத்திக்குப் பை, வெள்ளை ரிப்பன் எல்லாம் வாங்கியாச்சு. நம்ம பொண்ணுக்கு இன்னும் பதிவே பண்ணலியா? என்ன அண்ணி நீ! பேப்பரை எடு. நீ எழுது, சத்தமாப் படி, நான் கையெழுத்துப் போடறேன். தபாலாபீஸ்ல முப்பது வருஷம், படிக்காத பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டதில்ல."

எர்மெக் வேலைக்குப் போயிருந்தான். மீரிம் மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். புருல் சான்றிதழை விரித்து வைத்து எழுதினாள். அலுவலகத்தில் ஒத்துப் பார்ப்பார்கள், அதனால் உள்ளதைத்தான் எழுதியாக வேண்டும். உள்ளதையே எழுதினாள்: தகப்பன் எர்மெக், தாய் புருல். எழுதி முடிக்கும்போதே என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"படி" என்றாள் குல்யாஷ்.

"இன்ன விலாசத்தில் உள்ள என் வீட்டில், குழந்தை மீரிம் வசிக்க நான் சம்மதிக்கிறேன். தகப்பன்..." எழுதியிருந்ததை விட்டுவிட்டுச் செத்துப்போன மாமனார் மாமியார் பேரைப் படித்தாள். "தகப்பன் தோக்தோசுன். தாய் ரக்கியா."

"ரெண்டு பேருக்கும் சொர்க்கம் கிடைக்கட்டும். பேனாவைக் குடு."

மீரிம் விரலைக் கடிதத்தின் மேல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தாள். ரக்கியா கிழவி சாவதற்கு முன்பே அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அண்ணி, இது அம்மா பேர் இல்லியே. இது உன் பேரு."

பேனாவை வாங்க நீட்டிய குல்யாஷின் கை அப்படியே நின்றது. பிறகு சிரித்தாள். "அட, வாத்தியாரம்மா! வளக்கறவங்க பேரைப் போடணும்னு அண்ணி தன் பேரைப் போட்டிருப்பா. படிக்கும்போது மாத்திப் படிச்சுட்டா. அப்படித்தானே மருமகளே?"

ஆமாம் என்றால் போதும். ஒரு சொல். வீடு இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், வெள்ளிக்கிழமை ரொட்டியும் வரும். புருல் வாயைத் திறந்தாள். மகளின் விரல் இன்னும் தாய் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவள் பேரின் மேலேயே இருந்தது. நகத்தில் அழுக்கு இருந்தது. இந்த விரலைத் தள்ளிவிட்டு அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

"இல்ல பெரியம்மா. இவ நான் பெத்த பொண்ணு."

புருல் எல்லாவற்றையும் சொன்னாள். வழக்கத்தைச் சொன்னாள், அது குல்யாஷுக்குத் தெரியாததா? கஸாக்குகளிடமும் உள்ள வழக்கம்தான். நான்கு வீடுகள் போனதைச் சொன்னாள், ஒன்பது ஆண்களின் அறையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல எல்லாம் சாக்குப்போக்காகவே அவள் காதுக்குக் கேட்டது.

குல்யாஷ் சத்தம் போடவில்லை.

"குழந்தை உண்டுன்னு சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பேனான்னு கேட்டா, குடுத்திருக்க மாட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா ஒன்பது வருஷம் நான் எந்த வார்த்தைக்கு அழுதேனோ, அந்த வார்த்தையை நீ சும்மா எடுத்து வாடகைக்குப் போட்டுக்கிட்ட. இருக்கிற பிள்ளையை இல்லேன்னு சொல்ல உனக்கு நாக்கு எப்படிடி வந்துச்சு? அந்தப் பிள்ளையையே உக்கார வச்சு ஆமீன் சொல்ல வச்சியே!"

"என்னை மன்னிச்சுடுங்க பெரியம்மா."

"என்கிட்ட எதுக்குக் கேக்கறே? நான் குடிவந்தவகிட்ட ஏமாந்த வீட்டுக்காரி. ஊர்ல நடக்காததா?"

பேனாவை எடுத்து, கடிதத்தைக் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்து, தட்டுத்தடுமாறிக் கையெழுத்துப் போட்டாள். "இது பிள்ளைக்கு. அது என்ன பாவம் பண்ணுச்சு? அக்டோபர் ஒண்ணாம் தேதி வரைக்கும் இருங்க. அதுக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க. உன்னைப் படியில பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், அது என் உடம்புக்கு ஆகாது." மீரிமின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து புருல் மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக இந்த நிமிஷத்துக்கு எத்தனையோ பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை.

"அப்போ அம்மா?" என்றாள் மீரிம்.

"அவங்க உன்னை வளர்த்த அம்மா. அண்ணனைப் பெத்தவங்க. அண்ணன்தான் உங்க அப்பா."

மீரிம் யோசித்தாள். அழவில்லை. கூட்டல் கணக்குப் போடுகிற மாதிரி உதடு மட்டும் அசைந்தது.

"நம்ம வேற வீட்டுக்குப் போகணுமா?"

"ஆமாம்."

"நான் படிச்சதாலயா?"

"ஐயோ, இல்லடா கண்ணு. நான் பொய் சொன்னதால."

"அந்தப் பெரியம்மாவுக்குக் குழந்தைங்க வேணாமா? அதனாலதான் நான் இல்லேன்னு சொன்னியா?"

"ஆமாம்" என்றாள் புருல்.

"எல்லா வீட்டுலயும் குழந்தை இருக்கான்னு கேப்பாங்களா?"

"கேப்பாங்க. இனிமே கேட்டா, என் பொண்ணு இருக்கான்னு சொல்லுவேன். எத்தனை வீடு போனாலும் சரி, அப்படித்தான் சொல்லுவேன்."

மீரிம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெரிய மனுஷி போல அவள் முழங்காலில் கை வைத்தாள்.

"அப்படிச் சொன்னா வீடு குடுக்க மாட்டாங்க அண்ணி. நாத்தனார்னே சொல்லிடு. எனக்குப் பரவாயில்ல."